கத்தரிக்காய் மன்றம்

பத்தாம் வகுப்பில் மார்க் குறைந்தவர்களுக்கென்று எங்கள் பள்ளியில் ஒரு பிரிவு இருந்தது. வேளாண் அறிவியல். டாக்டர் கனவு உள்ளவர்கள் உயிரியலுக்குப் போனார்கள், பேங்க் வேலை கனவு உள்ளவர்கள் வணிகவியலுக்குப் போனார்கள். எங்களைப் போன்றவர்கள் வரிசையில் கடைசியாக வந்து நின்றபோது, சேர்க்கை மேஜையில் இருந்த ஆசிரியை தலையை நிமிர்த்தாமலேயே, "அக்ரி போட்டுடு" என்றார். அப்படிப் போடப்பட்டவள் நான்.

ஆம்பூரிலிருந்து பஸ்ஸில் வந்தால் பாலாற்றை ஒட்டி இறங்க வேண்டிய ஊர் எங்களுடையது. அம்மா ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் வேலைக்குப் போனாள். அப்பா வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளர். தெருவில் மற்ற வீடுகளிலும் இப்படித்தான். ஒன்று ஷூ கம்பெனி, இல்லையென்றால் தோல் ஷாப்பு, அதாவது தோல் பதனிடும் இடம். விவசாயம் என்பது எங்கள் அப்பாக்கள் எப்போதோ விட்டுவிட்ட பழக்கம், பீடியை விட்ட மாதிரி. அதைப் பள்ளியில் பாடமாகப் படிப்பதை வீட்டில் சொல்லவே கூச்சமாக இருந்தது.

வகுப்பில் ஒருத்தி மட்டும் அந்தப் பிரிவைக் கேட்டு வாங்கி வந்திருந்தாள். நல்ல மார்க். உயிரியல் தருகிறோம் என்று கூப்பிட்டும் போகவில்லை. முதல் நாள் என் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் ஏன் என்று கேட்டேன். "எங்களுக்கு ஆத்தோரமா நெலம் கீது. கெணத்துத் தண்ணி செவந்து போய்ட்டதால அப்பா உட்டுட்டாரு. அத திருப்பி எழுப்பணும்" என்றாள். பஸ் எப்போது வரும் என்று சொல்வதைப் போலச் சொன்னாள். அவளுடைய அப்பா அதே ஆற்றோரத்தில் இருந்த தோல் ஷாப்பில், தோலை ரசாயனத்தில் போட்டு டிரம் சுற்றும் இடத்தில் வேலை செய்தார். அவருடைய நகங்கள் எப்போதும் நீலமாக இருக்கும். கிணற்றைக் கெடுத்தது எது என்று எல்லோருக்கும் தெரியும். கிணறு போனபிறகு சோறு போட்டதும் அதுதான் என்பதால் யாரும் அதைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை.

அக்ரி சார் ஒப்பந்த ஆசிரியர். ஆம்பூரிலிருந்து தினமும் மொபெட்டில் வந்து போவார். ஒருநாள் சோர்வாக வகுப்புக்குள் நுழைந்து, மேலிடத்தில் சொல்லியிருக்கிறார்கள், வேளாண் மாணவர் மன்றம் ஒன்று தொடங்க வேண்டும், ஒரு தலைவர் வேண்டும் என்றார். எல்லோரும் தரையைப் பார்த்தோம். அவள் கை தூக்கினாள். பின் பெஞ்சிலிருந்து "தலைவி வாழ்க!" என்று ஒரு குரல். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து அவள் பெயர் தலைவி ஆகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த குற்றத்துக்காக நான் செயலாளர். குரல் கொடுத்தவனையே அவள் எழுப்பி நிறுத்தி, "பொருளாளர் நீதான்" என்று சொல்லிவிட்டாள். அவன் அப்பா அந்தத் தோல் ஷாப்பில் மேஸ்திரி. ஆட்களை வேலைக்குக் கூப்பிடுவதும் நிறுத்துவதும் அவர்தான். அதனால் அவனிடம் ஊரில் எல்லோரும் கொஞ்சம் மரியாதையாகவே பேசுவார்கள். இவள் அப்படிப் பேசவில்லை. அதுவே அவனுக்குப் பிடித்துப்போயிற்று என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் மன்றக் கூட்டம். அவள் எங்கிருந்தோ கூட்டம் நடத்தும் முறையெல்லாம் படித்துக்கொண்டு வந்திருந்தாள். ஒருவர் பேசி முடிக்கும்வரை இன்னொருவர் பேசக் கூடாது. யார் எதைச் சொன்னாலும் முதலில் ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும், பிறகுதான் தீர்மானம். கத்தரி வைப்பதா, வெண்டை வைப்பதா என்பதற்கு இத்தனை அமர்க்களம். "கத்தரிக்கு நான் வழிமொழிகிறேன்" என்று யாராவது சொன்னால் பையன்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவள் சிரிக்காமல் காத்திருப்பாள். சிரித்து முடித்த பிறகு, "சரி, எதிர்த்து யாரு?" என்பாள்.

எனக்கு அந்தக் கூட்டங்கள் வேதனையாக இருந்தன. நாலு பேர் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சபையில் வேதபாடம் வாசிக்கக் கூப்பிட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதி வசனத்தில் நின்று அழுதிருக்கிறேன். அதை அவளிடம் சொன்னபோது ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில், "செயலாளர் போன வாரம் நடந்தத சொல்லுவாங்க" என்றாள். எழுந்து நின்று, மேஜைக் காலைப் பார்த்தபடி, நாற்று வாடிவிட்டது என்ற ஒரு வரியைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அடுத்த வாரமும் எழுப்பினாள். அதற்கடுத்த வாரமும். மழைக்காலம் வருவதற்குள் மேஜைக் காலை விட்டுப் பின்சுவர்வரை என்னால் பார்க்க முடிந்தது.

நாற்று வாடியது உண்மைதான். பள்ளிக்குப் பின்னால் மேட்டுப்பாத்தி போட்டு, எரு அள்ளிக் கொட்டி வைத்த கத்தரி, பள்ளியின் போர்வெல் தண்ணீரில் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. காய்ந்த பாத்தியின்மேல் வெள்ளையாக உப்புப் பூத்துக்கிடந்தது. ஊரில் எங்களுக்குக் கத்தரிக்காய் மன்றம் என்று பெயர் வந்தது. டீக்கடையைத் தாண்டும்போது, "இன்னாமா, கத்தரிக்கா கிலோ இன்னா வெல?" என்று கேட்பார்கள்.

தலைவி அவள் அப்பாவிடம் ஆற்றோர நிலத்தைக் கேட்டாள். அவள் அப்பா முதலில் சிரித்தார். சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற மனிதர் அவர். "செத்துப்போன நெலத்துல இன்னா படிக்கப்போறீங்க? போஸ்ட்மார்ட்டமா?" என்று கேட்டார். பிறகு, "எடுத்துக்கோங்க, சும்மா கெடக்கறதுக்கு உங்களுக்காவது ஆவட்டும்" என்றார். உப்பு மண்ணுக்குத் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழ வேண்டும் என்று பாடத்தில் இருந்தது. அப்படியே செய்தோம். கிணற்றுத் தண்ணீரைத் தொடவில்லை. வானத்தை நம்பினோம். அந்த வருஷம் வானமும் கொஞ்சம் இரக்கம் காட்டியது. அடுத்த பருவத்துக்குக் கேழ்வரகு விதைத்தோம். அது முளைத்தது. முழங்கால் உயரம் வந்தது. அங்கங்கே சொட்டையாக, ஓரங்களில் மஞ்சளாக, ஆனால் வந்தது. அவள் அப்பா வேலை முடிந்து வரும்போது சைக்கிளை நிறுத்திவிட்டு வரப்பில் நின்று பார்ப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். அவர் எதுவும் சொல்லாமல் நின்றதை நான் பார்த்தது அங்கு மட்டும்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சபையிலிருந்து வந்து, உடையை மாற்றிக்கொண்டு நிலத்துக்குப் போனேன். அன்று களை எடுப்பது எங்கள் முறை. மன்றத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் வந்திருந்தார்கள். தலைவியும் இருந்தாள். வெயில் ஏறி வந்த நேரம். சாலையிலிருந்து தலைவியின் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தாள். மூச்சு வாங்க, "உங்கப்பாவ வண்டில எடுத்தாந்திருக்காங்கடி" என்றாள். எங்கே அடிபட்டது என்று தலைவி கேட்டாள். அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

நாங்கள் சேற்றுக் காலோடு ஓடினோம். தெருவில் தோல் ஷாப்பின் வேன் நின்றிருந்தது. வீட்டு வாசலில் பந்தலே போட ஆரம்பித்துவிட்டார்கள். ஐஸ் பெட்டி வந்திருந்தது. அத்தனையும் அவளுக்குச் சொல்லி அனுப்புவதற்கு முன்பே ஏற்பாடாகியிருந்தது. அவள் அம்மா தரையில் மயங்கிச் சாய்ந்திருக்க, பெண்கள் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி நின்றுகொண்டு எல்லோருக்கும் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். லீவு நாளில் சம்பள விஷயமாகப் பேச ஷாப்புக்கு வந்தார், கேட் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், தண்ணி கொடுக்கும்முன் போய்விட்டார். மாரடைப்பு. முதலாளி ஊரில் இல்லை, ஆனால் எல்லாச் செலவும் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடலாம்.

தலைவி பெட்டியின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். அழவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கண்ணாடி மூடியைத் தூக்கச் சொன்னாள். யாரும் தூக்கவில்லை. அவளே தூக்கினாள். குனிந்து அப்பாவின் தலைமுடியை முகர்ந்தாள். சட்டையின் காலரைத் தொட்டாள்.

"இது யாரு சட்ட?" என்றாள்.

மேஸ்திரி திரும்பிப் பார்த்தார்.

"எங்கப்பா சட்ட இல்ல இது. காலைல ஊதா சட்ட போட்டுகினு போனாரு. அது எங்க?"

மேஸ்திரி, "அழுக்கா இருந்துச்சிமா, நாங்கதான் மாத்தி உட்டோம்" என்றார்.

"தல ஈரமா கீது. குளிப்பாட்டினீங்களா?"

"ஆமாமா. ஒரு மரியாதைக்கு."

"நெஞ்சு வலில போனவர எதுக்கு அங்கியே குளிப்பாட்டினீங்க?"

பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "சும்மா இரும்மா. பொம்பளப் புள்ள இந்த நேரத்துல இன்னா கேள்வி" என்று அதட்டினார். இன்னொருவர் தாரை தப்பட்டைக்குச் சொல்லி அனுப்பினார்.

நான் அவள் பின்னால் நின்றிருந்தேன். அவள் குனிந்தபோது அந்த வாசனை எனக்கும் வந்தது. சோப்புக்கு அடியில் அழுகிய முட்டை மாதிரி ஒரு நாற்றம். ஷாப்பின் கழிவுநீர்த் தொட்டிப் பக்கம் போனால் வருமே, அதுதான். அங்கே நின்ற எல்லோருக்கும் அது தெரிந்த வாசனை. ஷாப்பு ஓடாத நாளில்தான் தொட்டியைச் சுத்தம் செய்வார்கள். அதில் இறங்க எந்தத் தெருவிலிருந்து ஆள் கூப்பிடுவார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். எங்கள் தெருதான் அது.

தலைவி எழுந்தாள். பெட்டிக்கும் வேனுக்கும் நடுவில் வந்து தரையில் உட்கார்ந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதற்கு என்று அப்போது எனக்குத் தெரியாது. நிலத்திலிருந்து வந்த மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். எல்லோர் காலிலும் வயலின் மண்.

"எடுக்கறதுக்கு முன்னாடி இன்னா நடந்ததுன்னு தெரியணும்" என்றாள். "ஷாப்புல இன்னிக்கி யார் யார் இருந்தீங்களோ ஒவ்வொருத்தரா சொல்லுங்க. ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் பேசக் கூடாது."

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் பேசுகிற அதே குரல். கத்தவில்லை. கூட்டத்தில் இருந்த பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரு பதினாறு வயதுப் பெண் அப்படிக் கூட்டம் நடத்தி அவர்கள் பார்த்ததில்லை. அந்தத் திகைப்பில்தான் அவர்கள் அமைதியாக இருந்தார்கள் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் யாரும் பேச முன்வரவில்லை. ஷாப்பில் வேலை செய்கிறவர்கள் அந்தக் கூட்டத்திலேயே நிறையப் பேர் இருந்தார்கள். மன்றத்துக்குத் தலைவர் வேண்டும் என்று சார் கேட்டபோது நாங்கள் பார்த்த மாதிரியே எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

அப்போது பொருளாளர் வந்தான். எங்கேயோ ஓடி ஒளிந்திருந்து வந்தவனைப் போல முகம் வெளுத்திருந்தது. அவன் அப்பா அவனைப் பார்த்ததும், "நீ வீட்டுக்குப் போ" என்றார். அவன் போகவில்லை. எங்களைப் பார்த்தான். கை தூக்கினான். வகுப்பில் தூக்குவதைப் போல.

"சொல்லு" என்றாள் தலைவி.

"அப்பாக்கு நாஷ்டா எடுத்துகினு போனேன்" என்றான். "தொட்டில மொதல்ல வடக்குப் பையன் ஒருத்தன் எறங்கினான். மாஸ்க் ஒண்ணும் கெடயாது. எறங்கினதும் சுருண்டுட்டான். உங்கப்பா அவன தூக்கத்தான் எறங்கினாரு. அவன தோள்ல வச்சி மேல தள்ளிட்டாரு. அவன் வந்துட்டான். இவரால ஏற முடியல. கயிறு போட்டு இழுக்கறதுக்குள்ள..."

அதற்குள் மேஸ்திரி வந்து அவன் கன்னத்தில் அறைந்தார். அவன் கீழே விழுந்தான். எழுந்து நின்று, மூக்கில் ரத்தத்தோடு, "தொட்டில ஆள எறங்கச் சொன்னது எங்கப்பாதான்" என்று முடித்தான்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஓலம் எழுந்தது. ஆண்கள் தள்ளிக்கொண்டார்கள். யாரோ வேன் கண்ணாடியை உடைத்தார்கள். அந்தக் கலவரத்துக்கு நடுவில் தலைவி எழுந்து நின்று, "போஸ்ட்மார்ட்டம் பண்ணாம எங்கப்பாவ எடுக்க உடமாட்டோம். இத நான் சொல்றேன்" என்றாள். பெரியவர்கள் தலையிட்டார்கள். உடம்பை அறுப்பதா, அந்த ஆள் நிம்மதியாகப் போக வேண்டாமா, ஷாப்பை மூடிவிட்டால் நாளைக்கு ஊருக்குச் சோறு யார் போடுவது, நஷ்டஈடு பேசி வாங்கிக்கொள்ளலாம். நாலா பக்கமும் குரல். அவள் தனியாக நின்றாள்.

நான் எழுந்தேன். இத்தனை பேரைப் பார்த்து நான் பேசியதே இல்லை. வேறு வார்த்தை எதுவும் வாயில் வரவில்லை. "நான் வழிமொழிகிறேன்" என்றேன்.

அருகில் இருந்தவன் எழுந்து அதையே சொன்னான். அதற்கடுத்தவளும் சொன்னாள். எங்களில் யாரும் சிரிக்கவில்லை.

போலீஸ் வந்தது. பிறகு தாசில்தார் வந்தார். பெட்டி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனது. நுரையீரலில் சேறு இருந்தது என்று டாக்டர் எழுதினார். மேஸ்திரிமேல் வழக்குப் பதிவானது. ஆனால் அந்த வடக்குப் பையன், உயிரோடு தோளில் தூக்கி விடப்பட்டவன், அன்றைக்கே ஜோலார்பேட்டையில் ரயில் ஏற்றப்பட்டிருந்தான். அவன் பெயர்கூட யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். அவன் எந்த மாநிலம் என்பதே கடைசிவரை தெரியவில்லை. எங்கோ ஓர் ஊரில் அவன் இப்போதும் இருக்கலாம். தன்னைத் தூக்கிவிட்டவர் மேலே வரவில்லை என்பது அவனுக்குத் தெரியுமா என்று சில சமயம் யோசிப்பேன்.

ஷாப்புக்கு சீல் வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் எங்களுக்கு ஊர் என்றால் என்ன என்று புரிந்தது.

முதல் வாரம் எல்லோரும் தலைவி வீட்டில் சோறு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஒரு மாதம் கழிந்ததும் யாரும் அந்த வீட்டு வழியே போகவில்லை. வேலை இழந்தவர்கள் காலையில் டீக்கடையில் உட்கார்ந்து எங்களைப் பார்த்தார்கள். கத்தரிக்காய் விலையை யாரும் கேட்கவில்லை. என் சித்தப்பாவும் அந்த ஷாப்பில்தான் வேலை செய்தார். ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து என் அம்மாவிடம், "உன் பொண்ணு பேசினதுல என் வீட்ல அடுப்பு அணஞ்சிபோச்சி. செத்தவன் செத்துட்டான். இருக்கறவன் இன்னா பண்றது?" என்றார். அம்மா தலை குனிந்து நின்றாள். நான் உள்ளே இருந்தேன். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது என்பதுதான் என்னைத் தின்றது. அவர் பிள்ளைகள் என்னோடு வளர்ந்தவர்கள். அந்த வீட்டில் ரேஷன் அரிசியும் உப்பும் மட்டும் இருந்த நாட்களை நான் பார்த்தேன். அதற்காக நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டிருப்பேனா என்றால் மாட்டேன். இரண்டும் ஒரே சமயத்தில் எனக்குள் இருந்தன. இன்றும் இருக்கின்றன.

தலைமையாசிரியர் மன்றத்தைக் கலைத்தார். பிள்ளைகள் படிக்க வந்தவர்கள், பஞ்சாயத்துப் பண்ண வரவில்லை என்று காலை வணக்கக் கூட்டத்தில் சொன்னார். அக்ரி சாரின் ஒப்பந்தம் அந்த வருஷம் புதுப்பிக்கப்படவில்லை. கிளம்பும் நாளில் அவர் எங்களிடம் கோபிக்கவுமில்லை, பாராட்டவுமில்லை. "நல்லா படிங்கப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு மொபெட்டை உதைத்தார். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள்.

கேழ்வரகு கதிர் பிடித்திருந்தது. அறுவடைக்குச் சில நாட்கள் இருக்கும்போது ஒரு காலையில் போய்ப் பார்த்தால் நிலத்தில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. வேலிமுள் ஒழுங்காக எடுத்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. தானாக விழுந்த வேலி இல்லை அது. மாடு யாருடையது என்று எங்களுக்குத் தெரியும், அவர் ஷாப்பில் வேலை செய்தவர். தலைவி மாடுகளை ஓட்டினாள். மிதிபட்ட பயிருக்குள் நடந்து, நிற்கிற கதிர்களை ஒடித்து மடியில் போட ஆரம்பித்தாள். நானும் வேறு இரண்டு பேரும் சேர்ந்துகொண்டோம். மற்றவர்கள் வரவில்லை. வீட்டில் விடவில்லை. பொருளாளர் வந்தான். அப்போது அவன் வேலூரில் மாமா வீட்டில் இருந்தான், கேள்விப்பட்டு பஸ் ஏறி வந்திருந்தான். அவன் அப்பா வீட்டுக்குள் விடவில்லை. அவன் வந்தது யாருக்கும் தெரியாது. அவனும் குனிந்து கதிர்களை ஒடித்தான். கிடைத்தது ஒரு கோணிகூட நிறையவில்லை. அதில் கூழ் காய்ச்சிக் குடித்ததாகத் தலைவி பிறகு சொன்னாள். நன்றாக இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

ஷாப்பு வேறு பெயரில், வேறு பலகையோடு திறந்தது. சித்தப்பா திரும்ப வேலைக்குப் போனார். மேஸ்திரியும் ஜாமீனில் வந்து திரும்ப மேஸ்திரியானார்.

தலைவி பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். வேளாண் கல்லூரியில் சேரும் அளவுக்கு மார்க். ஆனால் அவள் அம்மா அன்றைக்குச் சாய்ந்தவள் முழுதாக எழுந்திருக்கவே இல்லை. தம்பி சின்னவன். என் அம்மாதான் தன்னுடைய ஷூ கம்பெனியில் சொல்லி அவளைச் சேர்த்துவிட்டாள். முதல் நாள் இருவரும் சேர்ந்து கம்பெனி பஸ்ஸில் ஏறியதை நான் வாசலில் நின்று பார்த்தேன். வேளாண் பட்டயப் படிப்புக்கு நான் போனேன், நல்ல மார்க் வாங்காத நான். இப்போது வேளாண் துறையில் ஒப்பந்தத்தில் இருக்கிறேன். கிராமம் கிராமமாகப் போய் மண் மாதிரி எடுக்கிறேன், விவசாயிகள் கூட்டத்தில் மைக் பிடித்துப் பேசுகிறேன். என்னைத் தெரிந்தவர்கள், இவள் பிறவியிலேயே பேச்சாளி என்கிறார்கள்.

வழக்கு பல வருஷம் இழுத்தது. வாய்தாவுக்கு மேல் வாய்தா. கடைசியில் போன வருஷம் வேலூர் கோர்ட்டில் சாட்சி விசாரணை வந்தது. தலைவி சொல்லி முடித்தபின் என்னைக் கூப்பிட்டார்கள். பார்த்ததைச் சொன்னேன். சட்டை, ஈரத் தலை, நாற்றம். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

"அப்போ உங்களுக்கு வயசு பதினாறு."

"ஆமா சார்."

"ஏதோ மன்றம்னு சொன்னீங்களே. கத்தரிக்கா செடி வைக்கிற மன்றமா?"

கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார்.

"ஆமா சார்" என்றேன். "மொதல்ல கத்தரிதான் வெச்சோம். செத்துப்போச்சி. ஷாப்புத் தண்ணி கலந்திருந்துச்சி."

அது பதிவேட்டில் ஏறவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லாதது என்றார்கள்.

அடுத்து பொருளாளர். அவனை நான் பார்த்து வருஷங்கள் ஆகியிருந்தன. உடம்பு வைத்திருந்தான். முடி கொட்டியிருந்தது. மனைவி, குழந்தை உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். அப்பாவோடு சமாதானமாகி, அந்த ஷாப்பிலேயே சூப்பர்வைசராக இருக்கிறான் என்றும். அரசு வக்கீல் கேட்டார், சம்பவத்தன்று நீங்கள் ஷாப்புக்குப் போனீர்களா?

"ஞாபகம் இல்ல சார்."

தொட்டியில் யாராவது இறங்கியதைப் பார்த்தீர்களா?

"நான் பாக்கல சார்."

போலீசிடம் வாக்குமூலம் கொடுத்திருக்கிறீர்களே?

"சின்னப் பையன் சார் அப்போ. எல்லாரும் அழுதுகினு இருந்தாங்க. இன்னா சொன்னேன்னு தெரியல."

அவனைப் பிறழ்சாட்சி என்று அறிவித்தார்கள். கூண்டிலிருந்து இறங்கும்போது அவன் யாரையும் பார்க்கவில்லை. என் பக்கத்தில் தலைவி உட்கார்ந்திருந்தாள். கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்ற மறந்து வந்திருந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

வெளியே வந்தோம். கோர்ட் வாசலில் டீக்கடைப் பக்கம் அவன் தனியாக நின்றிருந்தான். என்னால் பொறுக்க முடியவில்லை. போய்ச் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. எனக்கு முன்னால் தலைவி போய்விட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

அவன் அவளைப் பார்த்ததும் பின்வாங்கினான். "மன்னிச்சிடு" என்றான். "அப்பாக்கு ரெண்டு கிட்னியும் போய்ட்ச்சி. ஜெயிலுக்குப் போனா அங்கியே போய்டுவாரு. வீட்ல எல்லாரும் கால்ல உழுந்துட்டாங்க. என்னால முடியல."

அவள் அவனை ஓர் அறை விடுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அன்னிக்கி நீ பேசலன்னா எங்கப்பாவ நெஞ்சு வலின்னு சொல்லி பொதச்சிருப்பாங்க" என்றாள். "அத நான் மறக்க மாட்டேன். இன்னிக்கி பேசினதையும் மறக்க மாட்டேன். ரெண்டையும் வச்சிகினுதான் நானும் இருக்கணும், நீயும் இருக்கணும்."

அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். தேறுதல் சொல்லவோ தோளைத் தொடவோ அவள் முயலவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. திரும்பி பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.

இந்த வருஷத் தொடக்கத்தில் தீர்ப்பு வந்தது. தொட்டியில் இறங்கச் சொன்னது மேஸ்திரிதான் என்பதற்குச் சந்தேகத்துக்கு இடமில்லாத சாட்சி இல்லை. விடுதலை. சேறு நுரையீரலுக்குள் எப்படிப் போனது என்பதைத் தீர்ப்பு ஒரு வரியில் கடந்து போனது. மேஸ்திரி நாற்காலியில் வைத்துத் தூக்கிவரப்பட்டிருந்தார். தீர்ப்பைக் கேட்டு அவர் முகத்தில் சந்தோஷம் ஒன்றும் தெரியவில்லை. அவர் கண்கள் எங்களைத் தேடியதாகத் தோன்றியது. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அன்றைக்கு நானும் தலைவியும் ஆம்பூர் பஸ்ஸில் திரும்பினோம். ஜன்னல் பக்கம் அவளை உட்காரச் சொன்னேன். விரிஞ்சிபுரம் தாண்டும்போது, மேல்முறையீடு செய்யலாம் என்று வக்கீல் சொன்னதை நினைவுபடுத்தினேன். இன்னும் சில வருஷம் இழுக்கும், அரசுத் தரப்பும் சேர வேண்டும், ஜெயிப்போம் என்று யாராலும் சொல்ல முடியாது. அதையெல்லாம் மறைக்காமல் சொன்னேன்.

"நீ இன்னா சொல்ற?" என்று கேட்டாள்.

"உன் வீட்டு விஷயம். நீதான் சொல்லணும்."

"போலாம்" என்றாள். "ஆனா வேற லீவு கெடையாது எனக்கு. போன வாய்தாக்கே சூப்பர்வைசர் கத்தினாரு. வக்கீல் ஆபீசுக்கு நீதான் போவணும்."

போகிறேன் என்றேன். அவள் தலையை ஜன்னல் கம்பியில் சாய்த்துக் கண்ணை மூடினாள். மறுநாள் காலை ஷிப்டு அவளுக்கு. பஸ் குலுங்கியதில் தலை கம்பியில் இடித்துக்கொண்டே வந்தது. அவளை என் பக்கம் சாய்த்துக்கொண்டேன். பள்ளிகொண்டா வரும்வரை அவள் கண் திறக்கவில்லை.